தில்லிக்கு ரயில் பார்சல்: வண்டி எங்கே முடிகிறது என்று பாருங்கள்

சென்னையிலிருந்து தில்லிக்குப் பத்து கிலோ சாமான் வரவேண்டும் என்றால் கூரியர் போதும். பத்து டன் என்றால் தனி லாரியே பிடித்துவிடலாம். ஐம்பது கிலோவுக்கு மேல், ஒரு டன்னுக்குள் என்று நடுவில் சரக்கு எடுக்கிற சின்னக் கடைக்காரர்களுக்கு ரயில் பார்சலை விட்டால் வேறு நல்ல வழி இல்லை. பல வருஷம் பார்த்துவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன்.

மயூர் விஹாரில் எனக்கு ஒரு கடை. கோயம்புத்தூர் கிரைண்டர், இரும்பு தோசைக்கல், நாச்சியார்கோவில் குத்துவிளக்கு, பாக்குமட்டைத் தட்டு, மதுரை அப்பளம், காபிக்கொட்டை எல்லாம் ஊரிலிருந்துதான் வரவேண்டும். லாரி சர்வீஸ், கூரியர், கன்டெய்னர், ரயில் என்று எல்லாவற்றிலும் சரக்கு எடுத்திருக்கிறேன். கடைக்கு வருகிறவர்களில் மாற்றலாகித் தில்லிக்கு வந்த குடும்பங்கள் நிறைய. "மாமி, ஸ்கூட்டரை ரயில்ல போடலாமா?", "அம்மா குடுத்த அம்மிக்கல்லை அனுப்பினா உடையாம வருமா?" என்று யாராவது கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். பார்சல் என்று நாம் பதிவு செய்வது கூட்ஸ் வண்டியில் போவதில்லை. ஆட்கள் போகிற அதே எக்ஸ்பிரஸில்தான் போகிறது. வண்டியின் முன்னாலும் பின்னாலும், கார்டு இருக்கும் பெட்டியோடு சேர்ந்தாற்போல் சரக்கு அறைகள் இருக்கும். எஸ்எல்ஆர் என்பார்கள். ஓர் அறைக்கு ஏறக்குறைய நான்கு டன் பிடிக்கும். ஆகவே இரவு சென்னை சென்ட்ரலில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏறிய மூட்டை சுமார் 2,180 கிலோமீட்டர் ஓடி, மூன்றாம் நாள் காலை பயணிகளோடு புதுதில்லியில் இறங்கிவிடுகிறது. லாரி சர்வீஸில் இதே சரக்குக்கு ஐந்தாறு நாள் சாதாரணம். வழியில் இரண்டு மூன்று கிடங்குகளில் இறக்கி ஏற்றுவார்கள். ரயிலில் அந்த இறக்கி ஏற்றும் வேலை இல்லை. உடையாமல் வருவதற்குப் பெரிய காரணம் அதுதான்.

பாதை நன்றாக இருக்கிறது, வேகம் நன்றாக இருக்கிறது, கட்டணமும் கூரியரோடு ஒப்பிட்டால் கட்டுப்படியாகிறது. கோளாறு எங்கே வருகிறது என்றால், இரண்டு முனைகளில். ஏற்றுகிற இடத்திலும் இறக்குகிற இடத்திலும். அதனால் என்னிடம் கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது ஒன்றுதான். வண்டியின் பெயரையும் வேகத்தையும் பார்க்காதீர்கள். உங்கள் ஊரில் புறப்பட்டு தில்லியில் முடிகிற வண்டியா என்று பாருங்கள்.

காரணத்தைச் சொல்கிறேன். நடுவழி நிலையத்தில் எக்ஸ்பிரஸ் இரண்டு நிமிஷமோ ஐந்து நிமிஷமோதான் நிற்கும். அதற்குள் சரக்கு அறைக் கதவைத் திறந்து, அந்த ஊர் மூட்டைகளைத் தேடி இறக்கி, புதிதாக வந்தவற்றை ஏற்றி, கதவைப் பூட்ட வேண்டும். உங்கள் மூட்டை மற்றவர்கள் சரக்குக்குப் பின்னால் சிக்கிக்கொண்டிருந்தால் இறங்காது. வண்டி அதைச் சுமந்துகொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடும். இதைத்தான் ஓவர் கேரி என்கிறார்கள். திரும்பி வர எத்தனை நாள் ஆகும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. ஏற்றுவதிலும் இதே கதைதான். இடம் இல்லை, நேரம் இல்லை என்று மூட்டை பிளாட்பாரத்திலேயே தங்கிவிடும். வண்டி புறப்படும் நிலையத்தில் அப்படியில்லை. காலிப் பெட்டி முன்கூட்டியே வந்து நிற்கும், நிதானமாக அடுக்குவார்கள். முடியும் நிலையத்திலும் பெட்டி முழுதும் காலியாகும் வரை நேரம் இருக்கும்.

இதற்குக் கோயம்புத்தூர்தான் நல்ல உதாரணம். கிரைண்டருக்கு அந்த ஊரை விட்டால் வேறு ஊர் உண்டா? புவிசார் குறியீடே வாங்கியிருக்கிறது. அங்கிருந்து தில்லிக்குத் தினமும் வேண்டும் என்றால் கேரளா எக்ஸ்பிரஸ் இருக்கிறது. ஆனால் அது திருவனந்தபுரத்தில் புறப்பட்டு, கேரளம் முழுதும் சரக்கு ஏற்றிக்கொண்டு கோவைக்கு வருகிற வண்டி. நிற்பது சில நிமிஷம். கொங்கு எக்ஸ்பிரஸ் வாரத்துக்கு ஒரு முறைதான், ஆனால் கோவையில் புறப்பட்டு தில்லியின் ஹஜ்ரத் நிஜாமுதீன் நிலையத்தில் முடிகிறது. நான் அந்த ஒரு நாளுக்காகக் காத்திருந்து கொங்குவில்தான் கிரைண்டர் போடச் சொல்வேன். பத்துக் கிரைண்டரில் நான்கு இன்றைக்கும் ஆறு அடுத்த வாரமும் வருவதை விட, பத்தும் ஒரே நாளில் வருவது எவ்வளவோ மேல்.

மதுரைக்காரர்களுக்குத் தமிழ்நாடு சம்பர்க் கிராந்தி. மதுரையில் புறப்பட்டு நிஜாமுதீனில் முடிகிறது. நாகர்கோவில், கன்னியாகுமரிப் பக்கம் என்றால் திருக்குறள் எக்ஸ்பிரஸ், அதுவும் நிஜாமுதீன்தான். சென்னைக்குக் கவலையே இல்லை. தமிழ்நாடு எக்ஸ்பிரஸும் ஜிடி என்கிற கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸும் தினசரி, இரண்டும் புதுதில்லியில் முடிகின்றன. ஜிடி வண்டி 1929இல் ஓட ஆரம்பித்தது, அப்போது பெஷாவரிலிருந்து மங்களூர் வரை. இன்றைக்கும் தில்லித் தமிழர்களின் ஊறுகாய் ஜாடியும் அரிசி மூட்டையும் வருகிற வண்டி அது. எனக்கு அதன் மேல் தனிப் பிரியம் உண்டு என்பதை மறைக்கவில்லை. சென்னை ராஜதானியிலும் பார்சல் போடலாம், ஆனால் கட்டண நிலையில் அதுதான் மிக உயர்ந்தது. குத்துவிளக்குக்கும் தோசைக்கல்லுக்கும் அந்த அவசரம் தேவையில்லை.

சென்னையில் எனக்காகச் சரக்கு போடுவது என் தம்பி. சென்ட்ரலின் வால்டாக்ஸ் ரோடு பக்கம் போய் நிற்கிறவன் அவன். போன் வரும்.

"அக்கா, இன்னைக்கு தமிழ்நாடு எக்ஸ்பிரஸ்ல இடம் இல்லையாம். நாளைக்கு ஜிடில போட்டுடவா?"

"எதுல வேணா போடு. புதுதில்லில முடியணும், அவ்ளோதான்."

கட்டுவதில் கஞ்சத்தனம் வேண்டாம். அட்டைப்பெட்டியில் டேப் ஒட்டிக் கொடுத்தால் போதும் என்று நினைப்பது கூரியர் பழக்கம். ரயில் சரக்கு அறையில் மேலே மேலே அடுக்குவார்கள். கிரைண்டர் என்றால் கல்லைத் தனியாக எடுத்து வைக்கோலோ பழைய துணியோ சுற்றி, மரச் சட்டத்துக்குள் வைத்து, வெளியே சாக்கு போட்டுக் கோணி ஊசியால் தைத்துவிட வேண்டும். சென்ட்ரல் பக்கத்திலேயே இதைச் செய்துகொடுக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். சாக்கின் மேல் மை கொண்டு புறப்படும் நிலையம், சேரும் நிலையம், மொத்தம் எத்தனை உருப்படியில் இது எத்தனையாவது என்று எழுத வேண்டும். ஒட்டுகிற காகிதம் உரிந்து போய்விடும், ஆகவே மை தான். உள்ளேயும் ஒரு சீட்டில் அனுப்புநர், பெறுநர் பெயர், போன் எண் எழுதிப் போட்டுவிடச் சொல்வேன். வெளி எழுத்து அழிந்தாலும் பிரித்துப் பார்த்தால் யாருடையது என்று தெரியும்.

அப்புறம் சரக்கு விவரம் எழுதும் படிவமான ஃபார்வர்டிங் நோட் நிரப்புவது, எடை போடுவது, கட்டணம், 5 சதவீத ஜிஎஸ்டி, ரசீது. தில்லியில் இந்த ரசீதை எல்லோரும் பில்டி என்றுதான் சொல்வார்கள். பில்டி கையில் இருந்தால் சரக்கு உங்களுடையது. தொலைந்துபோனால் முத்திரைத்தாளில் உறுதிமொழிப் பத்திரம் எழுதிக் கொடுத்துத்தான் எடுக்க முடியும், ஒரு நாள் அதிலேயே போய்விடும். வேறு ஆளை அனுப்பி எடுக்கிறீர்கள் என்றால் பில்டியின் பின்பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். தம்பி மூல ரசீதை அன்றைக்கே ஸ்பீட் போஸ்ட் செய்துவிடுவான். நல்ல நாளில் சரக்கும் ரசீதும் முன்னே பின்னே வந்து சேரும். யாராவது உறவினர் அதே வண்டியில் வந்தால் அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுவது இன்னும் நல்லது.

வியாபாரச் சரக்கு என்றால் ஒன்றை மறக்கக் கூடாது. மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் இ-வே பில் என்கிற ஜிஎஸ்டி மின்-சீட்டு வேண்டும். லாரியில் அது இல்லாமல் வண்டியே கிளம்ப முடியாது. ரயிலில் சட்டம் கொஞ்சம் இளகியிருக்கிறது. சரக்கு கிளம்பிய பிறகும் எடுக்கலாம், ஆனால் டெலிவரி சமயத்தில் காட்டாவிட்டால் ரயில்வே சரக்கைக் கொடுக்கக் கூடாது. ஆகவே வண்டி நாக்பூர் தாண்டுவதற்குள் அதை முடித்து வைத்துவிடுவேன்.

தில்லியில் இறங்கிய பிறகு கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடும். இலவச நேரம் தாண்டினால் எடைக்கும் மணிக்கும் கணக்குப் போட்டு வார்ஃபேஜ் என்கிற இடவாடகை வாங்குவார்கள். ரசீது எண்ணை ரயில்வேயின் பார்சல் தளத்தில் போட்டால் ஏற்றியாயிற்றா, இறங்கியாயிற்றா என்று பார்க்கலாம். இருந்தாலும் நேரில் ஓர் ஆள் தெரிந்திருப்பதற்கு ஈடில்லை. இங்கே இதை வெளிப்படையாகச் சொல்லவேண்டும். இந்தச் சேவை நன்றாக நடப்பதற்குப் பெரிய காரணம் பிளாட்பாரத்தில் மூட்டை தூக்குகிறவர்கள்தான். கணினியில் என்ன காட்டினாலும், பனியிலும் வெயிலிலும் அந்தக் கதவைத் திறந்து, சணல் மூட்டைக் குவியலில் உங்கள் உருப்படியைக் கண்டுபிடித்துத் தருவது அவர்கள்.

நிஜாமுதீனில் எனக்குச் சரக்கு எடுத்துத் தருகிற ஒருவர் விழுப்புரம் பக்கத்துக்காரர். "அக்கா, ஒங்க சாக்குல நீலத் துணி தைச்சிருக்கும்ல, தூரத்துலயே தெரிஞ்சிடுச்சு" என்பார். அவர் குடும்பம் ஜங்புராவில் பாராபுல்லா ஓடைக்கரையில் இருந்த மதராசி கேம்பில் குடியிருந்தது. நிலையத்துக்கு நடந்தே வந்துவிடுவார். 2025 ஜூனில் அந்தக் குடியிருப்பை இடித்துவிட்டார்கள். வீடு கிடைத்தவர்களுக்கு நரேலாவில், நகரத்தின் மறு கோடியில் கிடைத்தது. விடியற்காலை வந்து சேரும் வண்டிக்கு அவர் இப்போது எப்படி வந்து சேர்கிறார் என்று நினைக்கும்போது மனசு கனக்கிறது. அவருக்குக் கொடுக்க வேண்டிய கூலியில் நான் பேரம் பேசுவதில்லை, நீங்களும் பேசாதீர்கள்.

புதுதில்லியா நிஜாமுதீனா என்று கேட்டால், வீடு எங்கே என்பதைப் பொறுத்தது. கரோல் பாக் ஆட்களுக்குப் புதுதில்லி பக்கம். யமுனைக்குக் கிழக்கே இருக்கிற எங்களுக்கும், லோதி ரோடு, ஜங்புரா ஆட்களுக்கும் நிஜாமுதீன் சௌகரியம். ஆனால் நிஜாமுதீனுக்கு இரண்டு வாசல். போகல் பக்கம் ஒன்று, சராய் காலே கான் பக்கம் ஒன்று. சரக்கு எந்தப் பக்கம் வெளியே வரும் என்று போனில் கேட்டுக்கொண்டு டெம்போவை அனுப்புங்கள். தப்பான வாசலில் நின்றால் சுற்றி வருவதற்கே அரை மணி நேரம் ஆகும். சோட்டா ஹாத்தி என்கிற சின்னச் சரக்கு வண்டி பிடிப்பதாக இருந்தால் காலை, மாலை நுழைவுத் தடை நேரங்களையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இழப்பீடு பற்றிப் பலருக்குத் தெரியவில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பார்சலின் மதிப்பை நீங்கள் எழுதிக் கொடுத்து, அதற்குரிய சதவீதக் கட்டணத்தையும் கட்டவில்லை என்றால், தொலைந்தாலும் உடைந்தாலும் ரயில்வேயின் பொறுப்பு கிலோவுக்கு 50 ரூபாய் வரைதான். பயணியின் லக்கேஜாகப் பதிவு செய்திருந்தால் கிலோவுக்கு 100 ரூபாய். 1990ஆம் வருஷத்து விதி அது. இன்றைக்கும் அந்தக் கணக்குத்தான் என்பது எனக்குக் கொஞ்சமும் நியாயமாகப் படவில்லை. பத்து கிலோ பித்தளைக் குத்துவிளக்குக்கு 500 ரூபாய்! பித்தளையின் பழைய விலைக்குக்கூடக் காணாது. இரும்புக்கும் பாக்குமட்டைக்கும் நான் மதிப்பு எழுதுவதில்லை. பித்தளைக்கும் வெண்கலத்துக்கும் கட்டாயம் எழுதி, கூடுதல் கட்டணம் கட்டச் சொல்லிவிடுவேன். மூட்டை கிழிந்தோ நசுங்கியோ வந்திருந்தால் அப்படியே வாங்கிக்கொண்டு போகாதீர்கள். ஓப்பன் டெலிவரி வேண்டும் என்று எழுதிக் கொடுத்து, அங்கேயே பிரித்து, சேதத்தைக் குறித்து வாங்குங்கள். ஆறு மாதத்துக்குள் எழுத்து மூலம் உரிமைக் கோரிக்கை கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகு ரயில்வே உரிமைத் தீர்ப்பாயம் வரை போகலாம்.

பார்சல் ஆபீஸ் போய் நிற்க நேரமில்லாதவர்கள் ஏஜென்டிடம் கொடுப்பார்கள். எஸ்எல்ஆர் அறைகளை ரயில்வே ஏலத்தில் குத்தகைக்கு விடுகிறது. எடுத்தவர்கள் ஊரில் வீடு வீடாக, கடை கடையாகச் சரக்கு வாங்கி, கிலோவுக்கு இவ்வளவு என்று ஒரே தொகை சொல்லி அனுப்புவார்கள். சௌகரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் ரயில்வே ரசீது அவர்கள் பெயரில் இருக்கும், உங்கள் பெயரில் இருக்காது. ஒருமுறை இப்படி ஓர் ஏஜென்ட் மூலம் வந்த விளக்குகளில் ஒன்றுக்குத் தண்டு வளைந்து, அன்னத்தின் கழுத்து முறிந்திருந்தது. கேட்டால் ரயிலில் நடந்தது என்று கையை விரித்துவிட்டார். ரயில்வேயிடம் நேராகக் கேட்க என்னிடம் காகிதம் இல்லை. அவருடைய சீட்டில் பொடி எழுத்தில் "உரிமையாளர் பொறுப்பு" என்று இருந்தது. அப்பளம், பாத்திரம் போன்றவற்றுக்கு ஏஜென்ட் பரவாயில்லை. விலை உயர்ந்த எதையும் உங்கள் பெயரில் ரசீது போட்டே அனுப்புங்கள்.

ஸ்கூட்டர், பைக் அனுப்புகிறவர்களுக்குச் சுருக்கமாக: பெட்ரோலைச் சுத்தமாக வடித்துவிட வேண்டும், ஆர்சி நகலும் அடையாள அட்டை நகலும் வேண்டும், கண்ணாடிகளைக் கழற்றிவிட்டு ஹெட்லைட், டேங்க் மேல் தடிமனாகச் சாக்கு சுற்ற வேண்டும். நீங்கள் அதே வண்டியில் டிக்கெட் எடுத்திருந்தால் லக்கேஜாகவே பதிவு செய்யலாம். இறங்கின கையோடு எடுத்துக்கொண்டு போய்விடலாம் என்பது அதில் பெரிய நன்மை. அம்மிக்கல் கேட்ட பெண்ணுக்கும் அதையேதான் சொன்னேன்.

சரி, கூட்ஸ் வண்டி என்னவாயிற்று என்று கேட்பீர்கள். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் தில்லிக்குள் நுழையும்போது ஃபரீதாபாத் தாண்டியதும் துக்ளகாபாத் வரும். தண்டவாளங்கள் விரிந்துகொண்டே போகும், பக்கத்தில் கலர் கலராகக் கன்டெய்னர்கள் அடுக்கியிருக்கும். கன்டெய்னர் போக்குவரத்து நிறுவனமான கான்கார் நடத்துகிற உள்நாட்டுக் கன்டெய்னர் கிடங்கு அது. சுங்கச் சோதனையெல்லாம் அங்கேயே முடித்து, மும்பைப் பக்கத்து ஜவாஹர்லால் நேரு துறைமுகத்துக்கும் குஜராத்தின் முந்த்ரா துறைமுகத்துக்கும் ரயிலில் போய்விடும். உள்நாட்டுச் சரக்குக்கு அடுத்த நிலையமான ஓக்லாவிலும் கன்டெய்னர் முனையம் உண்டு. ஷகூர்பஸ்தி என்றால் சிமென்ட். அங்கே மூட்டை இறக்குகிறவர்களின் தலைமுடி, இமை எல்லாம் சாம்பல் நிறமாக இருக்கும். ஆசாத்பூர் மண்டிக்குப் பக்கத்தில் ஆதர்ஷ் நகர். ஜல்காவ் பக்கத்து ராவேர், சாவ்தாவிலிருந்து வாழைப்பழம் அந்தப் பக்கம் ரயிலில் வருகிறது. 2020 செப்டம்பரில் அனந்தபூரிலிருந்து விவசாய விளைபொருள் ஏற்றும் கிசான் ரயில் வந்ததும் ஆதர்ஷ் நகருக்குத்தான்.

இவையெல்லாம் நமக்குப் பயன்படுமா? தனி ஆளுக்குப் பயன்படாது. கூட்ஸ் ஷெட்டில் கணக்கு ரேக் என்பதில்தான். நாற்பதுக்கும் மேற்பட்ட மூடிய வேகன்கள், 2,500 டன்னுக்கு மேல். உணவுக் கழகமும் சிமென்ட் கம்பெனியும் உர ஆலையும்தான் அந்த அளவில் அனுப்ப முடியும். ஒரு காலத்தில் சில்லறைச் சரக்கையும் கூட்ஸில் எடுத்துக்கொண்டிருந்தார்கள். இப்போது அந்த இடத்தில் பார்சலும் லாரியும்தான் இருக்கின்றன. கன்டெய்னர் மட்டும் நமக்குக் கொஞ்சம் எட்டுகிற தூரத்தில் இருக்கிறது. எங்கள் பக்கத்துக் கோயில் ஒன்றின் கும்பாபிஷேகத்துக்கு மாமல்லபுரத்தில் செய்த கருங்கல் விக்கிரகங்களும் தூண்களும் அப்படித்தான் வந்தன. ஸ்தபதிகளே மரச் சட்டம் அடித்து, மணல் மூட்டையும் வைக்கோலும் திணித்து, இருபதடிக் கன்டெய்னரில் கட்டி, தண்டையார்பேட்டையில் ரயிலில் ஏற்றினார்கள். ஒரு மூக்கு, ஒரு விரல்கூட முறியாமல் வந்தது. கமிட்டியோடு போய்க் கதவைத் திறந்தபோது நானும் இருந்தேன். லாரியில் அந்தக் கல்லை 2,000 கிலோமீட்டர் கொண்டுவரச் சொல்லியிருந்தால் எனக்குத் தூக்கமே வந்திருக்காது.

நேரம்தான் அதிகம் ஆகிறது. தாத்ரியிலிருந்து ஜவாஹர்லால் நேரு துறைமுகம் நோக்கிச் சரக்கு வண்டிக்கென்றே தனிப்பாதை போட்டிருக்கிறார்கள். மேற்குத் தனிச் சரக்குப் பாதை என்று பெயர், சுமார் 1,500 கிலோமீட்டர், கன்டெய்னர் மேல் கன்டெய்னர் வைத்து ஓட்டுகிறார்கள். தெற்கு நோக்கி நமக்கு அப்படி ஒன்று இல்லை. சென்னைச் சரக்கு வண்டி இன்னும் எக்ஸ்பிரஸ்களுக்கு வழிவிட்டு வழிவிட்டுத்தான் வருகிறது. இடார்சி–விஜயவாடா இடையே தனிப்பாதை திட்ட அளவில் இருக்கிறது. அது வந்தால் முதலில் சந்தோஷப்படுகிறவர்களில் நான் ஒருத்தி. இப்போதைக்கு, முகூர்த்தம் குறித்த வேலைக்குக் கன்டெய்னர் என்றால் ஒரு மாதம் முன்னாலேயே அனுப்பிவிடுங்கள். கடைசியில் டிரெய்லர் நகருக்குள் வருவதும் இரவில்தான்.

ஆர்.கே.புரம், சரோஜினி நகர் பக்கம் குடியிருப்பவர்கள் ராத்திரியில் கூட்ஸ் சத்தம் கேட்டிருப்பீர்கள். அது ரிங் ரயில்வே. நகரின் நடு நிலையங்களில் நெரிசல் கூடாது என்று 1975இல் சரக்கு வண்டிகளைச் சுற்றி அனுப்பப் போட்ட பாதை, சுமார் 35 கிலோமீட்டர். 1982 ஆசிய விளையாட்டுக்காக அதில் பயணிகள் வண்டிகளைக் கூட்டினார்கள். இன்றைக்கும் அந்தப் பாதையில் சரக்குக்குத்தான் மவுசு. இன்னொன்றும் சொல்ல ஆசை. 2020 மார்ச் ஊரடங்கில் ரேணிகுண்டாவிலிருந்து நிஜாமுதீனுக்குப் பால் ரயில் தொடங்கினார்கள், தூத் துரந்தோ என்று. ஒரு டேங்கருக்கு 40,000 லிட்டர். ஊரே அடைந்து கிடந்த அந்த நாட்களிலும் பால் வந்தது. அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு உண்மையாகவே கண் கலங்கியது.

ரயில் பார்சலுக்கு ஐந்துக்கு நான்கு மதிப்பெண் கொடுப்பேன். குறைக்கிற ஒன்று, அந்த 50 ரூபாய்க் கணக்குக்காக.

குளிர்காலத்துக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். நவம்பரிலிருந்து தில்லியில் காற்று கெட்டுப்போகும். மாசு மிக மோசமானால் காற்று மாசுக் கட்டுப்பாட்டுத் திட்டமான கிராப்பின் நான்காம் நிலை என்று அறிவித்து, அத்தியாவசியம் அல்லாத சரக்கு லாரிகளில் பழைய டீசல் வண்டிகளை எல்லையிலேயே நிறுத்திவிடுவார்கள். 2015இலிருந்து லாரி நுழைவுக்குச் சுற்றுச்சூழல் வரியும் உண்டு, அது நம் வாடகையில் ஏறும். ரயிலுக்கு இந்த இரண்டும் இல்லை. ஆகவே நவம்பரில் நான் லாரிப் பக்கமே போவதில்லை. ஆனால் டிசம்பர் கடைசியில் மூடுபனி வந்துவிட்டால் ஆக்ரா, மதுராப் பக்கம் வண்டிகள் ஊர்ந்துதான் வரும். காலையில் வரவேண்டியது மத்தியானமோ இரவோ ஆகும். சில வண்டிகள் ரத்தாகும், ரத்தான நாளின் சரக்கு அடுத்த நாள் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பொங்கலுக்குப் பானை, வெல்லம், பச்சரிசி வரவழைப்பவர்கள் கிறிஸ்துமஸுக்கு முன்னால் பதிவு செய்துவிடுங்கள். மஞ்சள் கொத்தை மட்டும் பார்சலில் போடாதீர்கள், வாடிவிடும். அந்த வாரம் ஊரிலிருந்து கிளம்புகிற யாரிடமாவது சொல்லிவைத்தால் கையோடு கொண்டுவந்துவிடுவார்கள்.